மிஸ் வேர்ல்டா, மிஸ் யூனிவர்ஸா: எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது முதலில்?

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு தையல் கடை. கல்யாண பிளவுஸ், ஆரி வேலை, பட்டுப்பாவாடை, இப்போது கொஞ்ச நாளாக ரிசப்ஷன் கவுனும் தைக்கிறேன். போன தை மாதம் ஒரு மத்தியானம் என் அக்கா மகள் காலேஜ் விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். கட்டிங் டேபிளில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, "சித்தி, நான் மிஸ் இந்தியாவுக்கு அப்ளை பண்ணப் போறேன், அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். வயது இருபது, பி.காம். கடைசி வருடம். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், நானே டேப் பிடித்து அளந்தது.

பேசினேன். அக்கா அழுதாள். அத்தான் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டு, "இதுல என்னென்னமோ போட்டி இருக்காமே, எது உருப்படியானதுன்னு விசாரிச்சியாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அதனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தேன், இரவில் கடை அடைத்த பிறகு பழைய இறுதிச் சுற்றுகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மிஸ் இந்தியா, மிஸ் வேர்ல்ட், மிஸ் யூனிவர்ஸ் மூன்றும் ஒரே மாடிப்படி, ஒன்றில் ஏறினால் அடுத்தது வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மிஸ் வேர்ல்ட் 1951-ல் லண்டனில் எரிக் மோர்லி தொடங்கியது, அவர் இறந்த பிறகு அவர் மனைவி ஜூலியா மோர்லி நடத்துகிறார். மிஸ் யூனிவர்ஸ் 1952-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் பிறந்த வேறொரு போட்டி. இரண்டும் ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு உரிமம் கொடுக்கின்றன, அந்த உரிமம் யார் கையில் இருக்கிறதோ அவர் நடத்தும் போட்டியில் ஜெயித்தவள்தான் உலக மேடைக்குப் போவாள். 1994-ல் ஒரே மிஸ் இந்தியா மேடையில் முதலிடம் பிடித்த சுஷ்மிதா சென் யூனிவர்ஸுக்கும், இரண்டாமிடம் வந்த ஐஸ்வர்யா ராய் வேர்ல்டுக்கும் போனார்கள், இருவருமே கிரீடத்தோடு திரும்பினார்கள். அந்த ஏற்பாடு இப்போது இல்லை. நாம் பொதுவாக மிஸ் இந்தியா என்று சொல்கிற ஃபெமினா மிஸ் இந்தியாவில் ஜெயித்தால் மிஸ் வேர்ல்ட். யூனிவர்ஸுக்கு ஆள் அனுப்பும் உரிமை 2010-க்குப் பிறகு கை மாறி மாறி, 2024 முதல் கிளமானந்த் என்ற அமைப்பிடம் இருக்கிறது, அவர்கள் நடத்துவது மிஸ் யூனிவர்ஸ் இந்தியா. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, ஒப்பந்தம் வேறு, காலமும் வேறு. பாப்பா "மிஸ் இந்தியா" என்று சொன்னபோது அவள் மனதில் இருந்தது ஹர்நாஸ் சந்து. ஹர்நாஸ் 2021-ல் ஜெயித்ததோ யூனிவர்ஸ். இதை நான் சொன்னதும் டேபிளை விட்டு இறங்கிவிட்டாள்.

சரி, வேர்ல்டை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சூழ்நிலைக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கிறது.

பெரிய காரணம் நீச்சலுடை. மிஸ் வேர்ல்டே நீச்சலுடைப் போட்டியாகத்தான் தொடங்கியது, முதல் வருடம் ஜெயித்த ஸ்வீடன் பெண்ணுக்கு பிகினியில்தான் கிரீடம் வைத்தார்கள். ஆனால் 2014 கடைசியில் அந்தச் சுற்றே இனி வேண்டாம் என்று அறிவித்து எடுத்துவிட்டார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அது தப்பா சரியா என்ற வாதத்துக்கே நான் போகவில்லை. ஒரு பெண்ணின் உடம்பு அவளுடையது, அவளுக்குக் கூச்சம் இல்லை என்றால் மற்றவர் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் என் பாப்பாவுக்கே அதில் கூச்சம் இருக்கிறது, அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். மேடையில் ஒரு கூச்சத்தை மறைத்துக்கொண்டு நடப்பவளின் தோள் எப்படி முன்னால் குவியும் என்று தினமும் அளவெடுக்கிற எனக்குத் தெரியும்.

இரண்டாவது, தமிழ்நாட்டுக்கென்று ஓர் இடம். 2017 முதல் ஃபெமினா மிஸ் இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு பெண் என்ற முறை வந்தது. அதாவது முதலில் நம் மாநிலத்துப் பெண்களோடு போட்டி போட்டு, "தமிழ்நாடு" என்ற பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்கு அடுத்த வருடமே, 2018-ல், திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் அந்தப் பட்டையோடு போய் மிஸ் இந்தியா ஆனார். லயோலாவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தவர். உலகப் போட்டியில் முதல் முப்பது பேர் வரை வந்தார். திருச்சி எங்களுக்கு மூன்று மணி நேர பஸ். மும்பைப் பெண்ணும் டெல்லிப் பெண்ணும் ஜெயிப்பதைப் பார்க்கும்போது வராத ஒரு தைரியம் பக்கத்து ஊர்ப் பெண் ஜெயித்ததைப் பார்க்கும்போது வருகிறது, பாப்பாவின் போனில் இன்றைக்கும் முகப்புப் படம் அனுகீர்த்திதான்.

மூன்றாவது, மிஸ் வேர்ல்டில் வெறும் நடை மட்டும் இல்லை. விளையாட்டு, திறமை, நேருக்கு நேர் பேச்சு என்று தனித்தனிச் சுற்றுகள். அதில் ஜெயித்தால் நேராக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அப்புறம் ஆளுக்கொரு சமூகப் பணியைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். 2025 மே 31-ல் ஹைதராபாத்தில் 108 பெண்களுக்கு நடுவில் ஜெயித்த தாய்லாந்தின் ஓபல் சுசாதா, பதினாறு வயதில் தன் மார்பில் கட்டி வந்து அறுவை செய்துகொண்டவர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வைத்தான் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். என் கடைக்கு வருகிற பெண்கள் அளவெடுக்கும்போதுகூட இந்தப் பேச்சை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு பெண் கிரீடம் வைத்துக்கொண்டு அதை உலகத்துக்கு முன்னால் பேசியதைப் பார்த்து நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். இந்தியாவிலிருந்து முதலில் ஜெயித்த ரீட்டா ஃபாரியாவும் 1966-ல் மருத்துவ மாணவிதான். கிரீடத்தை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு மாடலிங்கும் வேண்டாம் சினிமாவும் வேண்டாம் என்று படிப்புக்கே திரும்பி டாக்டர் ஆனார். இதைக் கேட்டு அத்தான் "அப்படியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

குறையும் இருக்கிறது. அதே ஹைதராபாத்தில் இங்கிலாந்துப் பெண் மில்லா மேகி பாதியில் கிளம்பிப் போனார். ஸ்பான்சர்களை மகிழ்விக்கத் தங்களை உட்காரவைத்தார்கள் என்று ஊருக்குப் போய்ப் பத்திரிகையிடம் சொன்னார், அமைப்பாளர்கள் மறுத்தார்கள், வீட்டுக் காரணத்துக்காகப் போனதாகச் சொன்னார்கள். எது உண்மை என்று மதுரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் அனுப்புகிற வீடு இதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

இந்த ஊருக்கும் மிஸ் வேர்ல்டுக்கும் ஒரு பழைய வலி உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அக்காவின் அழுகை யாருக்கும் புரியாது. 1996-ல் அமிதாப் பச்சனின் கம்பெனி பெங்களூரில் அந்தப் போட்டியை நடத்தியது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள், நவம்பர் 23-ல் சின்னசாமி மைதானத்தில் கிரீஸ் பெண் ஐரீன் ஸ்க்லீவா ஜெயித்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான், அந்தப் போட்டியை எதிர்த்து எங்கள் மதுரையில் ஓர் இளைஞர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு, அக்கா பன்னிரண்டு. அப்பா மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயந்திரம் அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வீட்டின் பிள்ளை போய்விட்டது, எந்தப் போட்டிக்காகவும் எந்த எதிர்ப்புக்காகவும் அது நடந்திருக்கக் கூடாது. பெண்ணைச் சந்தைப் பொருளாக்குகிறார்கள் என்று அன்று சொன்னவர்களின் கேள்வியும் காலியாகிவிடவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு போட்டியையும் பார்த்தேன்: ஜெயித்த பிறகு அந்த ஒரு வருடம் இவளை என்ன வேலை வாங்குவார்கள், யார் வாங்குவார்கள்?

எங்கள் மீனாட்சிக்குச் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம் நடக்கிறது, கிரீடம் வைத்து, வேப்பம்பூ மாலை போட்டு, செங்கோல் கொடுக்கிறார்கள். மறுநாளே திசைகளை வெல்லப் புறப்படும் திக்விஜயம். கிரீடம் வைத்த கையோடு வேலை தொடங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த கிரீடம் அப்படித்தான்.

இப்போது யூனிவர்ஸ். பெரிய மேடை, பெரிய வெளிச்சம், அதில் சந்தேகமே இல்லை. நம் நாட்டுக்கு மூன்று கிரீடம்: 1994-ல் சுஷ்மிதா, 2000-ல் லாரா தத்தா, 2021-ல் ஹர்நாஸ். வேர்ல்டில் ஆறு என்பது வேறு கணக்கு. ஆனால் இன்றைய பிள்ளைகள் பார்ப்பது யூனிவர்ஸைத்தான், அந்த நடைக்கும் கவுனுக்கும் கேள்வி பதிலுக்கும் உலகம் முழுக்க ரசிகர்கள். சுஷ்மிதா மிஸ் இந்தியாவுக்குப் போட்டுப்போன கவுன் டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி எடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் பெட்டிகோட் தைக்கிற டெய்லரிடம் கொடுத்துத் தைத்தது, கையுறை புதுச் சாக்ஸை வெட்டிச் செய்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் விளக்குத்தூண் கடைவீதியில் துணி எடுத்துத் தைக்கிற எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது மாலை நேரக் கவுன், நாட்டு உடை, பேட்டிக்குத் தனி உடை என்று ஒவ்வொன்றும் தனிப் பட்ஜெட். நாட்டு உடைச் சுற்றைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். நம் சுங்குடியை அந்த மேடையில் ஒரு நாள் பார்த்துவிட வேண்டும். சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் கடுகளவு முடிச்சுப் போட்டுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்த பிறகு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுக்கும்போது பட் பட் என்று முடிச்சு அவிழ்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் பாருங்கள், அதற்கு ஈடாக எந்தச் சீக்வின்ஸும் நிற்காது.

யூனிவர்ஸின் இன்னொரு பெருமை, கதவை அகலத் திறந்துவிட்டார்கள். 2012 முதல் திருநங்கைகள் கலந்துகொள்ளலாம், 2018-ல் ஸ்பெயினின் ஆஞ்செலா போன்ஸே அப்படி முதலில் போனார். 2023 போட்டியிலிருந்து கல்யாணம் ஆனவர்களும் தாய்மார்களும் வரலாம். 2024 முதல் மேல் வயது வரம்பே கிடையாது. முன்பு இருபத்தெட்டோடு முடிந்துவிடும். வேர்ல்டோ கல்யாணம் ஆகாத, குழந்தை இல்லாத பெண்களுக்கு மட்டும். இந்த விஷயத்தில் யூனிவர்ஸ் நியாயமாக நடந்துகொள்கிறது, வேர்ல்ட் பின்தங்கி நிற்கிறது, அதை மறைக்க முடியாது.

ஆனால் நிர்வாகம்? 2022-ல் தாய்லாந்தின் ஜே.கே.என். கம்பெனி இரண்டு கோடி டாலருக்கு வாங்கியது, 2024-ல் பாதி மெக்சிகோ பக்கம் போனது. 2025 நவம்பரில் தாய்லாந்தில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போட்டியை அங்கே நடத்திய நவாத், எல்லோர் முன்னிலையிலும் மெக்சிகோப் பெண் ஃபாத்திமா போஷைக் கடிந்து பேச, அவர் எழுந்து வெளியே நடக்க, அவருக்காக மற்ற பெண்களும் எழுந்தார்கள், அப்போது கிரீடம் வைத்திருந்த டென்மார்க்கின் விக்டோரியாவும் சேர்ந்து நடந்தார். அந்த ஃபாத்திமாதான் கடைசியில் ஜெயித்தார். நடுவர்கள் சிலர் இறுதிச் சுற்றுக்கு முன்பே விலகினார்கள். ஆரம்பச் சுற்றில் ஜமைக்காப் பெண் கவுனோடு மேடையிலிருந்து கீழே விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். காரணம் எதுவோ, தைக்கிறவள் கண் முதலில் கவுனின் கீழ் ஓரத்துக்குத்தான் போகும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மணிகா விஸ்வகர்மா முதல் முப்பதுக்குள் வந்தார். ராஜஸ்தான் மாநிலப் பட்டம் ஜெயித்து மேலே வந்தவர். ஆக யூனிவர்ஸ் வழியிலும் மாநிலப் படி வந்துகொண்டிருக்கிறது.

மிஸ் எர்த் பற்றிச் சுருக்கமாக: பிலிப்பைன்ஸில் 2001-ல் தொடங்கியது, சுற்றுச்சூழல்தான் அதன் பேச்சு, 2010-ல் பெங்களூர் நிக்கோல் ஃபாரியா ஜெயித்தார். பாப்பாவுக்கு அதில் ஆர்வம் இல்லை, நானும் வற்புறுத்தவில்லை.

மிஸ் கிராண்ட் இன்டர்நேஷனல் வேறு விஷயம். மேலே சொன்ன நவாத்தின் சொந்தப் போட்டி அது. 2024 அக்டோபரில் பாங்காக்கில் ஜலந்தர் பெண் ரேச்சல் குப்தா ஜெயித்தார், இந்தியாவுக்கு அதில் முதல் கிரீடம். 2025 மே மாதம் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, மோசமாக நடத்தினார்கள் என்பது அவர் தரப்பு. கடமையைச் செய்யவில்லை, நாங்கள்தான் நீக்கினோம் என்பது அவர்கள் தரப்பு. எட்டு மாதம்கூட ஆகவில்லை. அத்தான் இதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்தப் பத்திரத்தை யாராவது வக்கீல் படிச்சாங்களா?" நாற்பது வருடம் மளிகை வியாபாரம் செய்த மனுஷன், வேறெப்படிக் கேட்பார். அந்தப் பட்டியலிலிருந்து கிராண்டை நான் அடித்துவிட்டேன்.

அப்புறம் உள்ளூர்ப் போட்டிகள். "மிஸ் தென்தமிழகம்", "குயின்" அது இது என்று ஹோட்டல் ஹாலில் நடக்கிறது அல்லவா, அதில் ஒன்றுக்கு நாங்களும் போனோம். பதிவுக் கட்டணம் கட்டினோம். மறுநாளே "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று போன். பயிற்சிக்குத் தனிக் கட்டணம், போட்டோவுக்குத் தனி, பட்டைக்குத் தனி. கடைசியில் பார்த்தால் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு பட்டம், அழகான கண், அழகான கூந்தல், அழகான சிரிப்பு. பக்கத்தில் ஒரு அம்மா நகையை அடகு வைத்துக் கட்டினேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இப்படிச் சின்னப் போட்டி எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், த்ரிஷாகூட 1999-ல் மிஸ் சென்னையாகத்தான் தொடங்கினார். ஆனால் ஜெயித்தால் அடுத்து எந்த மேடைக்கு அனுப்புவார்கள், அதற்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பர்ஸை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, எங்கள் முடிவு. எது பெரியது என்று பார்த்தால் யூனிவர்ஸ், எது நிதானமானது என்று பார்த்தால் வேர்ல்ட் என்று நான் பல நாள் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பளிச்சென்று பட்டது, வயது வரம்பைப் பார் என்று. ஃபெமினா மிஸ் இந்தியாவில் வழக்கமாகக் கேட்பது 18 முதல் 25 வயது, ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் குறையாத உயரம், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அந்தக் கதவு ஐந்து வருடத்தில் இவளுக்கு மூடிவிடும். யூனிவர்ஸ் கதவோ மூடப்போவதே இல்லை, இருபத்தேழு வயதில் போகலாம், முப்பத்திரண்டில் போகலாம், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகும் போகலாம். அதற்குள் அந்த நிர்வாகமும் யார் கையில் நிலைக்கிறது என்று தெரிந்துவிடும். இவளுக்கும் சம்பாத்தியம் வந்திருக்கும், யூனிவர்ஸில் இன்னும் இருக்கிற நீச்சலுடைச் சுற்று வேண்டுமா என்று அவளே அவள் காசில் முடிவு செய்துகொள்வாள். முதலில் மூடப்போகிற கதவுக்குள் முதலில் நுழைவோம் என்றேன். பாப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

மொழி பற்றி ஒரு பயம் அவளுக்கு. தமிழ் மீடியத்தில் படித்தவள். உலக மேடையில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம், எத்தனையோ பெண்கள் தங்கள் மொழியில்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் தேசியப் போட்டியில் ஆங்கிலமும் இந்தியும்தான் ஓடும், அதனால் தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறாள், என் கடைக்கு வரும் கஸ்டமர்களிடம் எல்லாம் பேசிப் பார்க்கிறாள். ஒரு பாட்டியிடம் பேசி, அவர் "நல்லா இருக்குத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். நடைக்கு மொட்டை மாடி. சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை நடந்து திரும்புகிறாள்.

ஒப்பந்தம் வந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து, அது அத்தானின் நிபந்தனை. பி.காம். முடிக்காமல் எங்கேயும் போகக் கூடாது என்பது அக்காவுடையது. கவுன் நான்தான் தைப்பேன் என்பது என்னுடையது. போன வாரம் அக்கா யாரிடமும் சொல்லாமல் தன் பீரோவிலிருந்து கரும்பச்சைச் சுங்குடி ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள், "இதுல ஆகுமாடி?" என்றாள். ஆகும் என்றேன். உள்ளே லைனிங் கொடுத்து, இடுப்பு வரை பிரின்ஸஸ் கட், கீழே விரிந்து நிற்கக் கொஞ்சமாகக் கேன்கேன் வலை. உடம்பு தைத்து முடித்துவிட்டேன், கீழ் ஓரம் மட்டும் பாக்கி. மேடையில் போடப்போகிற அதே ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன், தரையிலிருந்து அரை அங்குலம் விட்டு மடிக்க வேண்டும்.